லாட்டிட்யூட் 5490: ஆரஞ்சு 2, வெள்ளை 3 சிமிட்டல், திரை கறுப்பு. ரேமா, ஸ்லாட்டா, போர்டா?

நெய்தல்நிலவன் (கேள்வி)

டெல் லாட்டிட்யூட் 5490 லேப்டாப், ஐ5-8350யூ ப்ராசசர், விண்டோஸ் 10. ரேம் செருகும் ஏ ஸ்லாட்டில் கம்பெனியோடு வந்த 8 ஜிபி ரேம் ஸ்டிக் (லேபிளில் 1ஆர்எக்ஸ்8, பிசி4-2400டி). பி ஸ்லாட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்ட இன்னொரு 8 ஜிபி (1ஆர்எக்ஸ்16, பிசி4-3200ஏஏ). இரண்டும் சேர்ந்து 16 ஜிபி காட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

ஃபேன் தூசி எடுக்க அடிமூடியைத் திறந்து, ரேம் இரண்டையும் கழற்றி மறுபடி மாட்டிய பிறகு கிளம்பவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது. திரையில் வெளிச்சமே இல்லை, டெல் முத்திரையும் வரவில்லை. பேட்டரி விளக்கு ஆரஞ்சில் 2 தடவை, சிறு இடைவெளி, பிறகு வெள்ளையில் 3 தடவை சிமிட்டுகிறது. அணைக்கும்வரை இதுவே திரும்பத் திரும்ப.

இதுவரை பார்த்தது: அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தேன். பி-யில் இருந்த ஸ்டிக்கை எடுத்துவிட்டு ஏ-யில் பழையதை மட்டும் வைத்தேன், அதே சிமிட்டல். ஏ-யில் புதியதை மட்டும் வைத்தேன், அதே சிமிட்டல். கடையில் காட்டினால் திறந்துகூடப் பார்க்காமல் போர்டு போச்சு என்கிறார்கள். எஸ்எஸ்டியில் உள்ளவை வேண்டும். எந்த வரிசையில் பார்க்கலாம்?


தாய்ப்பலகை

விளக்கு சொல்வதை முதலில் பிரித்துக்கொள்வோம். ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் ரேம் எதுவுமே தென்படவில்லை என்று டெல் கணக்கு. 2-4 வந்திருந்தால் ரேம் தென்படுகிறது, ஆனால் வேலைக்கு ஆகவில்லை. 2-5 என்றால் இந்த மெஷின் ஏற்காத வகை ரேம். ப்ராசசருக்கு 2-1, பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) 2-2, போர்டு அல்லது சிப்செட்டுக்கு 2-6. உங்களுக்கு 2-6 வரவில்லை. அதற்காகப் போர்டு சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஸ்லாட், அதிலிருந்து ப்ராசசருக்குப் போகும் தடம், ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் மெமரி கன்ட்ரோலர், இதில் எது படுத்தாலும் 2-3 வரலாம். ஆனால் திறந்து பார்க்காமல் போர்டு என்று சொல்வதற்கு இந்த விளக்கில் ஆதாரம் இல்லை.

உங்கள் சோதனையில் ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது. ஸ்டிக்கை மாற்றினீர்கள், ஸ்லாட்டை மாற்றவில்லை. தனியாக வைத்த இரண்டு முறையும் ஏ ஸ்லாட்தான். பி-யில் மட்டும் ஒரு ஸ்டிக், ஏ காலி என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இந்த மாடலில் ஏ ஒரு சேனல் (ப்ராசசருக்குப் போகும் தனிப் பாதை), பி இன்னொரு சேனல். எந்த ஒன்றில் ஒரு ஸ்டிக் இருந்தாலும் மெஷின் கிளம்ப வேண்டும்.

தொடுவதற்கு முன் ஒன்று. அடாப்டரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் பேட்டரியின் கனெக்டரையும் போர்டிலிருந்து கழற்றுங்கள். அடிமூடியின் ஸ்க்ரூக்கள் முழுதாக வெளியே வராது, மூடியிலேயே தொங்கும். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு கீல் பக்கத்து ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் தகட்டால் நெம்புங்கள். பேட்டரி ஒயரை இழுக்காதீர்கள், கனெக்டரில் உள்ள பட்டையைப் பிடித்து இழுங்கள். பிறகு பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடித்தால் கெபாசிட்டர்களில் தங்கியிருப்பதும் இறங்கிவிடும். பேட்டரி மாட்டியிருக்கும்போது, குறிப்பாக மெஷின் தூக்கத்தில் இருக்கும்போது, ரேம் ஸ்லாட்டில் மின்சாரம் இருக்கும். அந்த நிலையில் ஸ்டிக்கைச் சாய்த்து உருவினால் பக்கத்துப் பின்கள் உரசி, நல்ல ஸ்டிக்கும் போகும், நல்ல போர்டும் போகும்.

மாட்டும் முறை: சுமார் 30 டிகிரி சாய்வில் காடி (ஸ்டிக்கின் ஓரத்தில் உள்ள வெட்டு) பொருந்துமாறு நுழைத்து, இரண்டு மூலையையும் ஒரே அளவு விசையில் உள்ளே தள்ளுங்கள். தங்கப் பட்டைகள் ஒரு மயிரிழை மட்டும் வெளியே தெரிய வேண்டும், அதுவும் இடமிருந்து வலம் ஒரே அளவாக. ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் சாய்ந்து இறங்கியிருக்கிறது. சரியாக இருந்தால் கீழே அழுத்துங்கள், இருபக்கக் கிளிப்பும் டக் என்று பிடிக்கும். முழுதாக உள்ளே போகாத ஸ்டிக்கைக்கூட அழுத்தினால் கிளிப் பிடித்துக்கொள்ளும். அதனால் கிளிப் சத்தத்தை நம்பாதீர்கள், பட்டையைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை நான்கே:
பழைய ஸ்டிக், ஏ மட்டும்.
பழைய ஸ்டிக், பி மட்டும்.
புது ஸ்டிக், ஏ மட்டும்.
புது ஸ்டிக், பி மட்டும்.

ஒவ்வொன்றுக்கும் பேட்டரியைக் கழற்றி, மாட்டி, பிறகு பேட்டரியும் அடாப்டரும் இணைத்து ஆன் செய்யுங்கள். கழற்றிய பேட்டரி அடாப்டரைச் செருகினால்தான் விழிக்கும், அது இல்லாமல் பட்டனை அழுத்திவிட்டு பவரே இல்லை என்று பயப்பட வேண்டாம். ரேம் மாறியதும் முதல் முறை பயாஸ் அதன் நேரக்கணக்கைப் புதிதாக அளந்துகொள்ளும். விளக்கு எதுவும் சிமிட்டாமல் திரை மட்டும் கறுப்பாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். நினைவக அளவு மாறியிருக்கிறது என்று ஒரு எச்சரிக்கை வந்தால் எஃப்1 அழுத்தித் தொடரலாம்.

ஒரே ஸ்டிக் இரண்டு ஸ்லாட்டிலும் தோற்று, மற்றது இரண்டிலும் கிளம்பினால் குற்றவாளி ஸ்டிக். இரண்டு ஸ்டிக்கும் ஒரே ஸ்லாட்டில் தோற்றால் ஸ்லாட் அல்லது அந்தச் சேனல். நான்கும் தோற்றால் மட்டும் போர்டைப் பற்றிப் பேசுவோம். எஸ்எஸ்டியைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்தக் கட்டத்தில் மெஷின் அதைத் தொடக்கூட இல்லை. அவசரமென்றால் கழற்றி உறையில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் சாவி கேட்கும்.


கம்பிச்சுருள்

இவ்வளவு போவதற்கு முன்னால் ரேமை எடுத்து ரப்பரால் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்துப் போட்டுப் பாருங்கள் ப்ரோ. பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். கூடவே சீமாஸ் பேட்டரியையும் (பயாஸ் அமைப்பைக் காக்கும் காசு வடிவ பேட்டரி) பத்து நிமிடம் கழற்றி வையுங்கள்.


ஈயப்பற்று

ரப்பர் வேலை செய்வது உண்மைதான். அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு செய்தால் நல்லது. பட்டைமேல் படியும் எண்ணெய்ப் பிசுக்கையும் படலத்தையும் சுரண்டி எடுக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தங்கப் பூச்சு ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. மாதம் ஒருமுறை ரப்பர் போட்டால் பூச்சு போய் அடியில் உள்ள நிக்கல் தெரியும், பிறகு உப்புக்காற்று வீசும் ஊர்களில் அது சீக்கிரமே கறுக்கும். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடவே கூடாது. அதைவிடப் பெரிய தொல்லை ரப்பர் துகள். லேப்டாப்புக்கு மேலேயே வைத்துத் தேய்த்தால் துகள் நேராக ஸ்லாட்டுக்குள் விழும். 0.5 மி.மீ. இடைவெளியில் பின்கள் நிற்கும் இடத்தில் அது போய் உட்கார்ந்தால் இல்லாத வியாதி புதிதாக வரும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதம், மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். நூல் பிரியாத துணியில் நனைத்து, பட்டையின் நீளவாக்கில் (மேலிருந்து ஓரம் நோக்கி) ஒரே திசையில் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் பஞ்சு ஓரத்தில் மாட்டும். ஸ்லாட்டுக்குள் அதே ஐபிஏ-யை மெல்லிய பிரஷில் தொட்டு ஓட்டிவிட்டு, கையால் அழுத்தும் காற்றுப் பம்பால் ஊதி, கால் மணி நேரம் காய விடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் எண்ணெய்ப் படலம் தங்கும். இரண்டும் வேண்டாம்.

சீமாஸ் பேட்டரி கழற்றுவதால் கெடுதல் இல்லை, ஆனால் ரேமே தென்படாத மெஷினில் முதல் வேலை அது அல்ல. கழற்றினால் தேதி, பூட் அமைப்பு எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். பூட் முறையோ செக்யூர் பூட்டோ (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் அமைப்பு) மாறிப்போனால் ரேம் சரியான பிறகு விண்டோஸ் வராமல் இன்னொரு குழப்பத்தில் நிற்பீர்கள். கேள்வி கேட்டவர் தாய்ப்பலகை சொன்ன நான்கையும் முடித்துவிட்டு வரட்டும்.


எண்பத்தாறு

புது ஸ்டிக் 3200 என்பதால் யாராவது அதைக் குறை சொல்வதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். 3200 ஸ்டிக் 2400-க்கு இறங்கி ஓடும். 8ஆம் தலைமுறை யூ வகை ப்ராசசருக்கு டிடிஆர்4-இல் 2400 உச்சம், ஸ்டிக் எவ்வளவு வேகமானது என்றாலும் அதுதான். 1ஆர்எக்ஸ்8 என்றால் எட்டு சிப், 1ஆர்எக்ஸ்16 என்றால் நான்கு சிப். இரண்டையும் கலந்து போட்டும் 16 ஜிபி ஓடிக்கொண்டிருந்தது என்கிறார், ஆகவே பொருத்தம் இங்கே பிரச்சினை இல்லை.

பொருத்தத்தால் கிளம்பாமல் போகும் கதைகள் வேறு. செகண்ட் ஹேண்ட் குவியலில் ஈசிசி (பிழை திருத்தும் வகை) சோடிம், அதாவது லேப்டாப் அளவு ரேம் ஸ்டிக், கலந்து கிடக்கும். அதே 260 பின், அதே காடி, ஸ்லாட்டில் அழகாக உட்காரும். சாதாரண லேப்டாப் அதை ஏற்காது. சிப்பை எண்ணிப் பாருங்கள், எட்டுக்குப் பதில் ஒன்பது, பதினாறுக்குப் பதில் பதினெட்டு இருந்தால் ஈசிசி. பழைய மெஷின்களில் வேறு சிக்கல்: 204 பின் டிடிஆர்3-இல் 1.5 வோல்ட் வகையும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகையும் ஒரே வடிவம். 4ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போட்டால் கறுப்புத் திரைதான். லேபிளில் பிசி3 என்பதற்குப் பின்னால் எல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். டிடிஆர்4 (1.2 வோல்ட், 260 பின்), டிடிஆர்5 (1.1 வோல்ட், 262 பின்) இவற்றுக்குக் காடி இருக்கும் இடமே வேறு, மாற்றிப் போட வழியில்லை. வலுக்கட்டாயமாக அழுத்துபவர்களைப் பற்றி நான் பேசவில்லை.


நெய்தல்நிலவன்

ஐபிஏ-யில் துடைத்து, பேட்டரி கழற்றி, நான்கும் பார்த்தேன்.

பழையது ஏ-யில்: 2-3 சிமிட்டல். பழையது பி-யில்: டெல் முத்திரை வந்தது, எஃப்1 கேட்டது, விண்டோஸ் வந்தது. புதியது ஏ-யில்: 2-3. புதியது பி-யில்: விண்டோஸ் வந்தது.

ஸ்டிக் இரண்டும் நல்லவை என்று புரிகிறது. ஆனால் ஒன்று புரியவில்லை. பி நன்றாக இருக்கிறது என்றால், இரண்டு ஸ்டிக்கும் போட்டபோது பி-யை மட்டும் எடுத்துக்கொண்டு 8 ஜிபியில் ஓடியிருக்க வேண்டாமா? ஏன் மொத்தமாக ரேம் இல்லை என்றது?


ஈயப்பற்று

நல்ல கேள்வி, விடையும் அதிலேயே இருக்கிறது.

ஆன் செய்ததும் பயாஸ் ரேமில் எதையும் எழுதிப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு ஸ்டிக்கிலும் இருக்கும் எஸ்பிடி என்ற குட்டி சிப்பைப் படிக்கும். அளவு, வேகம், நேரக்கணக்கு எல்லாம் அதில்தான். படிக்க முடியவில்லை என்றால் அந்த ஸ்லாட் காலி என்று எடுத்துக்கொள்ளும். எல்லா ஸ்லாட்டும் காலி என்றால் 2-3. எஸ்பிடி படிக்க முடிந்து, பிறகு டேட்டா பின்களில் அளவெடுக்கும்போது தோற்றால் பெரும்பாலும் 2-4. ஆகவே உங்கள் கோளாறு டேட்டா பின்களில் இல்லை, எஸ்பிடி பின்களில்.

டிடிஆர்4 சோடிமில் அவை எல்லாம் கடைசி மூலையில் இருக்கின்றன: 253 கடிகாரக் கோடு, 254 தகவல் கோடு, 255 எஸ்பிடிக்கு மின்சாரம், 256-உம் 260-உம் ஸ்லாட் முகவரி. கடிகாரக் கோடும் தகவல் கோடும் ஸ்லாட்டுக்குத் தனித்தனி கிடையாது. இரண்டு ஸ்லாட்டும் ஒரே கோட்டைப் பகிர்ந்துகொள்கின்றன, முகவரிப் பின்கள்தான் எது ஏ, எது பி என்று பிரிக்கின்றன. ஏ ஸ்லாட்டில் 254 வளைந்து பக்கத்தில் உள்ள 252-ஐத் தொட்டால், 252 கிரவுண்ட், பகிர்ந்த கோடு முழுதும் கிரவுண்டில் படுத்துவிடும். பி-யின் எஸ்பிடியையும் படிக்க முடியாது. 253 வளைந்து 251-ஐத் தொட்டாலும் அதே கதி, அதுவும் கிரவுண்ட். ஏ காலியாக இருக்கும்போது பின் தளர்ந்து விலகி நிற்கும், பி வேலை செய்யும். ஸ்டிக் நுழைந்து பின்னை அழுத்தும்போது மட்டும் தொடும். உங்கள் நான்கு முடிவுகளோடும், இரண்டும் சேர்த்துப் போட்டால் மொத்தமாக இல்லை என்பதோடும் இது ஒத்துப்போகிறது.

ஏ-யில் எஸ்பிடி பின் வெறுமனே தொடாமல் விட்டிருந்தால் நீங்கள் சொன்னபடி பி-யை வைத்துக்கொண்டு 8 ஜிபியில் கிளம்பியிருக்கும். ப்ராசசரின் ஏ சேனல் செத்திருந்தால் 2-4 எதிர்பார்ப்பேன்.

இப்போது பார்க்க வேண்டிய இடம்: ஏ ஸ்லாட்டின் காடி முளைக்கு இருபுறமும் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. குட்டைப் பக்கத்தின் வெளி ஓரம்தான் 260. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த ஓரத்தில் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டிலும் கடைசிப் பத்துப் பின்களைப் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எல்லாப் பின்னும் ஒரே கோட்டில் மின்னும், வளைந்தது மட்டும் வரிசை தப்பி நிற்கும். 10 மடங்கு லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் போன் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்து அதே இடத்தை பி ஸ்லாட் படத்தோடு ஒப்பிடுங்கள். லேபிள் கிழிசல், ஸ்பாஞ்ச் துணுக்கு எதுவும் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

மல்டிமீட்டர் இங்கே அவ்வளவு உதவாது. ஸ்லாட் காலியாக இருக்கும்போது பின் விலகி நிற்பதால் ஷார்ட் காட்டாது. ரிப்பேர் கடைகளில் எல்இடி வைத்த ரேம் ஸ்லாட் டெஸ்ட் கார்டு இருக்கும், அதை நுழைத்தால் அழுத்தம் விழும், தெரியலாம். கண்ணே போதும் என்று நினைக்கிறேன்.


பனைவெல்லம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு எச்பி. கேப்ஸ் லாக் விளக்கு 3 நீளம், 2 குட்டை. இதே வைத்தியமா? இதில் ரேம் போர்டிலேயே ஒட்டியது, ஸ்லாட் இல்லை.


தாய்ப்பலகை

எச்பியில் 3-2 என்றால் ரேமைத் தயார்படுத்தும் கட்டத்திலிருந்து பயாஸ் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். ஸ்லாட் இல்லாத மெஷினில் உங்கள் கையில் இருப்பது குறைவு. அடாப்டர், பேட்டரி இரண்டையும் பிரித்து பவர் பட்டனை 20 விநாடி பிடித்துவிட்டு மறுபடி பாருங்கள். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு வந்தது என்றால் விண்டோஸ் சாவியும் பி-யும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஆன் செய்யும் மீட்பு முறையை முயலலாம். அதிலும் வரவில்லை என்றால் சிப்பை எடுத்துப் புதிது வைக்கும் வேலை, ஹாட் ஏர் மட்டும் வைத்திருக்கும் கடைக்குக் கொடுக்காதீர்கள், பிஜிஏ ஸ்டேஷனும் (அடியில் ஈய உருண்டைகள் உள்ள சிப்பை மாற்றும் கருவி) ஸ்டென்சிலும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தனித் திரி போட்டு முழு மாடல் எண்ணை எழுதுங்கள்.

திங்க்பேடில் இதையே தேடி வருபவர்களுக்கு: மூன்று பீப், இடைவெளி, மூன்று பீப், ஒரு பீப் வந்தால் ரேம் பக்கம் பாருங்கள்.


நெய்தல்நிலவன்

ஈயப்பற்று சொன்ன இடத்திலேயே இருக்கிறது. குட்டைப் பக்க ஓரத்தில் ஒரு பின் இடுப்பில் வளைந்து பக்கத்துப் பின் மேல் சாய்ந்திருக்கிறது. உடையவில்லை. துணுக்கு எதுவும் இல்லை. பி ஸ்லாட் படத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிகிறது.

நிமிர்த்தலாமா, அல்லது ஏ-யை அப்படியே விட்டுவிட்டு பி-யில் ஒரே 16 ஜிபி ஸ்டிக் வாங்கிப் போடுவது புத்திசாலித்தனமா?


ஈயப்பற்று

நிமிர்த்தலாம், ஒரே ஒரு முறை. அந்தப் பின் செம்புக் கலவை, முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை வளைத்தால் ஒடியும்.

பேட்டரி கழற்றிய நிலையில், மெல்லிய தையல் ஊசியைப் பின்னின் அடிப்பக்கத்தில், அதாவது பிளாஸ்டிக்கிலிருந்து அது புறப்படும் இடத்துக்கு அருகே வைத்து, சாய்ந்த திசைக்கு எதிராக மெதுவாகத் தள்ளுங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் நுனி மட்டும் முறுக்கிக்கொண்டு அடி அப்படியே இருக்கும். பக்கத்துப் பின்னைத் தூணாக வைத்து நெம்பக் கூடாது. கொஞ்சம் தள்ளி, ஊசியை எடுத்து, லென்ஸில் பார்த்து, மறுபடி கொஞ்சம். இரு பக்கமும் சம இடைவெளி வந்தால் பக்கவாட்டு வேலை முடிந்தது. பிறகு உயரம்: பக்கத்துப் பின்களின் வளைவு உச்சியும் இதன் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இது தாழ்ந்திருந்தால் ஸ்டிக்கின் பட்டையை எட்டாது. ஷார்ட் நீங்கியிருக்கும், ஆனால் எஸ்பிடி படிக்காது, ஏ காலி என்று காட்டும். அப்படி வந்தால் உச்சியை ஒரு மயிரளவு தூக்க வேண்டும்.

மாட்டும்போது முதலில் 2400டி ஸ்டிக்கை ஏ-யில் தனியாகப் போடுங்கள். 30 டிகிரி சாய்வு அப்படியே இருக்கட்டும், ஆனால் இடது வலதாகக் கோணாமல், இரண்டு மூலையும் ஒன்றாக இறங்கட்டும். ஓரத்துப் பின் வளைவதற்கு முக்காலே மூணுவீசம் காரணம் ஒரு மூலை முதலில் போய் மறுமூலை பின்னால் போவதுதான்.

ஒடிந்தால் ஸ்லாட்டையே மாற்ற வேண்டும். 260 கால், அடியில் சூடு கொடுத்து மேலிருந்து ஹாட் ஏர் அடிக்க வேண்டும், சூடு கொஞ்சம் தப்பினாலும் பிளாஸ்டிக் வளைந்துவிடும். அந்த நிலை வந்தால் பி-யில் ஒரே 16 ஜிபி போட்டு ஓட்டுங்கள், அதற்கு மேல் செலவு இந்த மெஷினுக்குத் தேவையில்லை.


எண்பத்தாறு

ஒரே ஸ்டிக் ஓட்டினால் என்ன இழப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2400 வேகத்தில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 19.2 ஜிகாபைட், இரண்டு சேனலுக்கு 38.4. தட்டச்சு, பிரவுசர் வேலைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ப்ராசசருக்குள் உள்ள யூஎச்டி 620 கிராஃபிக்ஸ் தன் வேலைக்கும் இதே ரேமைத்தான் தின்கிறது. வெளி மானிட்டர், வீடியோ எடிட்டிங், சின்ன விளையாட்டு என்று போனால் ஒரு சேனலில் தடுமாறும். இரண்டு 8 ஜிபியும் கையில் இருக்கும்போது நிமிர்த்திப் பார்ப்பதுதான் நியாயம்.


நெய்தல்நிலவன்

நிமிர்ந்தது. முதல் முயற்சியில் ஏ காலி என்று காட்டியது (பி-யிலும் ஸ்டிக் போட்டிருந்தேன், 8 ஜிபியில் கிளம்பியது), ஈயப்பற்று சொன்னபடி உச்சியைத் துளி தூக்கிய பிறகு ஏ-யில் தனியாகவும் கிளம்பியது. இப்போது பயாஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் 16384 எம்பி, டூயல் சேனல், 2400, ஏ-யில் 8192, பி-யில் 8192. நம்பி வேலையை ஆரம்பிக்கலாமா?


தாய்ப்பலகை

சோதிக்காமல் வேண்டாம். சரிசெய்தது எஸ்பிடி பின் என்றாலும், அதற்குப் பக்கத்திலேயே 2.5 வோல்ட் விபிபி (257, 259), 0.6 வோல்ட் விடிடி (258) என்ற மின்சாரப் பின்கள் இருக்கின்றன. பின் வளைந்த விசையில் அவையும் தளர்ந்திருக்கலாம். தளர்ந்தால் கிளம்பும், சூடேறிய பிறகு நீலத்திரை போடும் அல்லது கோப்பைக் கெடுக்கும்.

எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ் போனால் டெல்லின் சொந்தச் சோதனை இருக்கிறது. அதில் 2000-0123 என்று வந்தால் ரேம் பிழை. அது பாஸ் என்று சொன்னாலும் மேலோட்டமானது. யூஎஸ்பியில் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரலை ஏற்றி ஓட விடுங்கள், பதிப்பு 6 முதல் யூஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) மெஷினில் ஓடுகிறது. செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கும். அணைப்பதற்கு முன் விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். எண் இல்லாமல் அணைத்துவிட்டு எஸ்எஸ்டி பூட்டிக்கொண்டது என்று இங்கே வந்து எழுதுபவர்கள் உண்டு.

அடிமூடியைப் போட்டு, ஸ்க்ரூ எல்லாம் முடுக்கி, மெஷினை வழக்கம்போல மேசையில் வைத்து ஓட்டுங்கள். திறந்து வைத்து ஓட்டினால் உண்மையான சூடும் வராது, மூடியின் அழுத்தமும் வராது. ஒரு சுற்று போதாது, இரவு முழுதும் நான்கு சுற்றாவது போகட்டும். ஒரு பிழைகூட ஏற்கத்தக்கது அல்ல.

பிழை வந்தால் முகவரியைப் படம் எடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரி, அதே பிட் என்றால் ஸ்டிக்கில் உள்ள ஒரு செல் கெட்டது, ஸ்டிக்கை ஸ்லாட் மாற்றினாலும் பிழை அதோடு போகும். முகவரி சிதறலாக, சுற்றுக்குச் சுற்று மாறி வந்தால் தொடர்பு சரியில்லை. மறுபடி அந்த மூலையைத்தான் பார்க்க வேண்டும்.


நெய்தல்நிலவன்

பிட்லாக்கர் இல்லை. மூடி போட்டு ஓட விட்டிருக்கிறேன், முதல் சுற்றில் பிழை 0. பிழை வந்தால் மட்டும் படத்தோடு எழுதுகிறேன்.


ஈயப்பற்று

சரி. அதுவரை ஏ-யில் இருக்கும் ஸ்டிக்கைக் கழற்றாதீர்கள். அடுத்த முறை ஃபேன் தூசிக்குத் திறந்தால் ரேமைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.